மாமாவுக்குப் போன கடைசி மெயில்

கதிரு,

மாடி அறையில் இருக்கிற உனக்குக் கீழ்வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டுதான், ஏறி வந்தே சொல்லியிருக்கலாம். நேற்று ஏறியும் வந்தேன். நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய். கையைக் காட்டி ‘இரும்மா’ என்றாய். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வாட்ஸ்ஆப்பில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புவாய். மெயில் போட்டால் அதற்கு என்ன கதி என்று எனக்கு நன்றாகவே தெரியும், உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்து லேப்டாப்பை மூடி அதன்மேல் வைக்கப்போகிறேன். இதை நகர்த்தாமல் நீ வேலையைத் தொடங்க முடியாது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. உன் மாமா நம் பத்திரிகைத் தட்டைக் கையில் வாங்கவில்லை. இதுதான் விஷயம். அவலூர்பேட்டையில் அவன் கடையிலிருந்து திரும்பி வந்து இதை உன்னிடம் சொன்னபோது, ‘அய்யய்யோ, ஒரு ஸாரி மெயில் போட்டுடறேம்மா, ஒரு நிமிஷ வேலை’ என்றாய். அந்த ஒரு நிமிஷம்தான் என்னைப் பேனாவைப் பிடிக்க வைத்தது. கோபமாகத்தான் ஆரம்பித்தேன். கிழித்துப்போட்ட தாளில் நல்ல வசவெல்லாம் இருந்தது. ஆனால் இரண்டு வரிக்கு மேல் கோபம் நிற்கவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்றே எனக்குப் புரியவில்லை.

உன் வேலையை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. ‘உன் பையன் ஊட்லயே உக்காந்துனு இன்னா பண்றான்?’ என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் இருக்கிற பல் டாக்டர்களுக்கு, வருகிற நோயாளிகளுக்கு நேரம் குறித்து வைக்கிற சாஃப்ட்வேரை விற்கிறான் என்று. நீ ஒரு நாளும் பார்க்கப்போகாத டாக்டர் ஒருத்தர் நாய்க்குட்டி வாங்கியிருப்பார். அதை எங்கோ தேடிக் கண்டுபிடித்து, உங்கள் நாய்க்குட்டி கொள்ளை அழகு என்று முதல் வரியில் எழுதுவாய். அப்புறம்தான் சாஃப்ட்வேர். முடிவில் ஒரு கேள்வி. ‘எல்லாருக்கும் ஒரே மெயில் போனா எவனும் படிக்க மாட்டாம்மா. அவனுக்குன்னே ஒக்காந்து எழுதுன மாதிரி இருக்கணும்’ என்று எனக்கு விளக்கினாய். எனக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. நானும் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு செஞ்சியில் தெருத் தெருவாய்ப் போகிறவள்தான். எந்த வீட்டிலும் போனவுடன் மூட்டையை அவிழ்த்ததில்லை. மருமகளுக்கு மசக்கை எப்படி இருக்கிறது, மாமியாருக்கு முட்டிவலி தேவலையா என்று கேட்டுவிட்டுத்தான் முடிச்சில் கை வைப்பேன். அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியே போய்த் தேட வேண்டாம். எனக்கு நாலு தெரு, உனக்கு ஒரு தேசம். அவ்வளவுதான் வித்தியாசம் என்று போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் வேகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கும். மவுஸைத் தொடவே மாட்டாய். ஒரு எழுத்தைத் தட்டினால் மெயில் மறைந்துவிடும். இன்னொன்றைத் தட்டினால் ‘நாளைக்கு வா’ என்று ஒதுங்கிப் போகும். வேறொன்றைத் தட்டினால் முன்பே எழுதி வைத்த பத்தி தானாக வந்து உட்காரும், பேரையும் நாய்க்குட்டியையும் மட்டும் மாற்றுவாய். எல்லாம் தீர்ந்து இன்பாக்ஸ் காலியானால் திரையில் ஏதோ ஒரு மலைப் படம் வரும். நீ கையை உதறிச் சோம்பல் முறிப்பாய். அந்த நேரத்தில் உன் முகம் சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு எழுந்து ஓடுகிற முகமாக இருக்கும். பதில் போடாதவர்களுக்கு மூன்று நாள் கழித்துத் தானாக இரண்டாவது மெயில் போகும், அப்புறம் மூன்றாவது. நாலாவதுதான் குட்பை மெயில் என்றாய். உங்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அதில் இருக்கும். ‘இதுக்குத்தாம்மா பதில் நெறைய வருது. போறேன்னு சொன்னாத்தான் கூப்புடறானுங்க’ என்றாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். நான் மூட்டையைக் கட்டித் தலைவாசலைத் தாண்டும்போதுதானே, ‘இந்தாம்மா, அந்த மாம்பழக் கலரைக் கொஞ்சம் காட்டிட்டுப் போ’ என்று கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் கல்யாணத் தேதி குறித்தோம். உன் நைனா சிங்கவரத்து நிலத்தில் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பத்திரிகை வைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போக வேண்டும், நான் தனியாகப் போய் நின்றால் நன்றாக இருக்காது. உனக்கோ லீவு கிடையாது. ‘டென்ஷன் ஆவாதம்மா, நான் பாத்துக்கறேன். மொதல்ல எல்லாருக்கும் தேதிய சொல்லிடுவோம். நைனாவுக்குக் கட்டுப் பிரிச்சதும் நேர்ல போயி பத்திரிகை வைங்க’ என்றாய். நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலங்களில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொந்தக்காரர் ஒவ்வொருவரைப் பற்றியும் நான் ஒரு சங்கதி சொல்வேன், நீ அதை முதல் வரியில் வைப்பாய். சித்தியின் கண் ஆபரேஷன், பெரியப்பா வீட்டுக் கன்றுக்குட்டி, பங்காளி வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த டீச்சர் வேலை. மெயில் இல்லாதவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் போனது. நீ காலேஜுக்குப் போன நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்தச் சாயங்காலங்கள் எவ்வளவு பிடித்திருந்தன என்று இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாமாவுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். தாய்மாமனை விட்டுவிட்டு வேறு யாரை முதலில் கூப்பிடுவது? அவனுடைய உரக்கடைக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அவனுக்கும் ஒரு மெயில் ஐடி உண்டு. ‘மாமாவுக்கு இன்னாம்மா போடறது?’ என்று கேட்டாய். நான் ராஜகிரிக் கதையைச் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் சேராத வயது. அவன் உன்னைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே அந்தப் பிளவின்மேல் சின்னப் பாலம் இருக்கிறதே, போகும்போது அதில் குதித்துக்கொண்டு ஓடியவன், திரும்பும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டாய். உட்கார்ந்துகொண்டு ஒரே அழுகை. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உன் கண்ணைக் கட்டி, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறான். கட்டை அவிழ்க்கவே நீ விடவில்லையாம். மலை முழுக்க அப்படியே சுமந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய், அவன் தோள் பூராவும் உன் எச்சில். ‘செமம்மா, இது போதும்’ என்று சொல்லி எழுதினாய். மாமா, ராஜகிரிப் பாலத்தில் என் கண்ணைத் துண்டால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது என்று. படித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குள் நீ அடுத்த பெயருக்குப் போய்விட்டாய்.

நைனாவின் கட்டைப் பிரித்த பிறகு வெள்ளிக்கிழமை பார்த்துக் கிளம்பினோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பூ, அவனுக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி, அதன்மேல் பத்திரிகை. பஸ்ஸில் தட்டை மடியிலிருந்து நான் இறக்கவே இல்லை. கடையில் நல்ல கூட்டம். ‘வாக்கா, வாங்க மாமா’ என்று எங்களைக் கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். நான் எழுந்து தட்டை நீட்டினேன். அவன் கை நீளவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

‘இத்தப் படிச்சுப் பாருக்கா.’

நீ அனுப்பியது. அன்புள்ள மாமா, இதற்கு முன் மூன்று முறை எழுதியும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. உங்களுக்கு இதில் விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இது என் கடைசி மெயில். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கீழே உன் பெயர். எழுத்தெல்லாம் சுத்தமான தமிழ். பல் டாக்டருக்குப் போகிறதை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தாய் போலிருக்கிறது.

‘நான் இன்னாக்கா பதில் போடணும்?’ என்று கேட்டான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் ஆள் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். ‘நீங்க தட்டோட வருவீங்கன்னு நான் பாத்துனு இருக்கறேன். மாமன்காரன் கல்யாணத்துக்கு வரேன்னு எழுதிக் குடுக்கணுமா? விருப்பம் இல்லன்னு நான் எப்ப சொன்னேன்?’

அவன் கேட்டது சரிதானே, கதிரு. நம் ஜனத்தில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் யார் பதில் போட்டிருக்கிறார்கள்? தேதி காதில் விழுந்தால் அன்றைக்கு வந்து நிற்பார்கள். பதில் பேசாமல் இருந்தால் வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். உன் மெஷினுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. முதலில் போனதால் முதலில் முடிந்ததும் அவனுக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் நாலாவது போவதற்குள், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது என்று நீ நிறுத்திவிட்டாய்.

உன் நைனா சமாதானம் செய்யப் போனார். ‘பையன் பண்ணலடா. அது கம்ப்யூட்டரு தானா அனுப்பிச்சுடுது.’ நானும் அவசர அவசரமாகச் சேர்ந்துகொண்டேன். ‘ஆமாண்டா, அவன் கையால எழுதல. அது மிஷின் வேல.’ சொல்லும்போது நல்ல வழி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போய், முதலில் வந்த மெயிலை எடுத்தான். ராஜகிரிப் பாலம்.

‘அப்ப இது?’

நான் என்ன சொல்வேன்? அந்த மெயிலை அவன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறான். ‘அக்கா பையன், ஆயிரம் வேலைக்கு நடுவுல இத்த ஞாபகம் வச்சுனு எழுதியிருக்கறாம்பாரு’ என்று. கடைசி மெயில் மெஷின் எழுதியது என்றால் முதல் மெயிலும் மெஷினுடையதாகிவிடுகிறது. முதல் மெயிலை நீதான் மனசார எழுதினாய் என்றால் கடைசி மெயிலையும் நீதான் எழுதினாய் என்றாகிறது. இரண்டில் ஒன்றைத்தான் நான் காப்பாற்ற முடியும், எதைக் காப்பாற்றினாலும் அவனுக்கு அடிதான். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ‘அவனையே வரச் சொல்லு’ என்று அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ‘பாக்கலாம்க்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கோ மூட்டை எடுத்துப் போட எழுந்து போனான். பத்திரிகைத் தட்டு பிறந்த வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அதை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றான். கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். நான் போகும்போதெல்லாம் வாங்கிக் கொடுப்பான், அன்றைக்கும் வாங்கியிருந்தான். ‘பூவு எங்கக்காவுக்கு. தட்டு வேற பேச்சு’ என்று நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். டிரைவர் வண்டியை எடுக்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: ‘நெஜமா சொல்லுக்கா. அந்தப் பாலம் அவனுக்கு ஞாபகம் இருக்குதா?’

பஸ் நகர்ந்துவிட்டது. இல்லாவிட்டாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் மாமாவை உனக்குத் தெரியாது, கதிரு. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நான் செஞ்சிக்கு வந்துவிட்ட கோபத்தில் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நான் ஊருக்குப் போனால் கொல்லைப் பக்கமாக வெளியே போய்விடுவான். தம்பி நம்மை வெறுத்துவிட்டான் என்று நான் அழுதிருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் சைக்கிள் கேரியரில் வேர்க்கடலை மூட்டையைக் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டையிலிருந்து இங்கே மிதித்து வந்து நின்றான். மூட்டையை இறக்கினான், சாப்பிட்டான், கிளம்பினான். ‘சாப்டியாக்கா’ என்று ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான். அவன் பேசாமல் இருந்த மாதங்களில் நான் மூன்று நாளைக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, நாலாவது தடவை உனக்கு என்மேல் விருப்பமில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தால், இன்றைக்கு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்திருக்காது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்த உரக்கடைதான். அந்த வாசல் மூடிக்கொண்டால் நான் வேறு எங்கே போவேன் சொல்.

நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணைப் பற்றியும் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல பெண், ஆனால் அதிகம் பேசாதவள். ஒருநாள் நீ ஏதோ கேட்பாய், அவள் பதில் சொல்லாமல் அடுப்படியில் நிற்பாள். அதை விருப்பமில்லை என்று கணக்கில் எழுதிவிடாதே. அலுப்பாக இருக்கலாம், அவள் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கலாம், நீயே வந்து இன்னொரு தடவை கேட்கமாட்டாயா என்று காத்துக்கொண்டுகூட இருக்கலாம். உன் நைனா ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அது கோபமா, பல்வலியா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. அவளுடைய பிறந்தநாளை மெஷினில் போட்டு வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கு எழுதும் வரிகளையாவது முன்பே எழுதி வைக்காதே.

உனக்கு ஞாபகம் இல்லை என்று எனக்குத் தெரியும். தூங்கிப்போன குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இருக்கிறது என்று உன் வாயால் சொல்லச் சொல்லி அவனிடம் உன்னை அனுப்பலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். சொன்னால் நம்புவான். ஆசைப்பட்டு நம்புவான். கல்யாணத்தன்று தாய்மாமன் முறைக்கு முன்னால் நின்று உன் நெற்றியில் பட்டம் கட்டுவான். ஆனால் கட்டும்போது நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அது என்னால் முடியாது. உண்மையைச் சொல்லச் சொன்னால் அவன் வராமலே போய்விடுவானோ என்றும் பயம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில் பேசிப் பேசிப் புடவை விற்றவள், என் தம்பியிடம் பேச ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய்விட்டு வா. போன் பண்ணிவிட்டுப் போகாதே, மெயில் வேண்டவே வேண்டாம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கடை வாசலில் நில். அவன் கேட்பான். ஞாபகம் இல்லை மாமா, அம்மா சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு, எப்படித் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று அவனையே கேள். பாலத்தில் காற்று அடித்ததா, நீ என்ன சொல்லி அழுதாய், அவன் என்ன சொல்லித் தேற்றினான், அதெல்லாம் எனக்கும் தெரியாது, அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். சொல்வானா, எழுந்து மூட்டை தூக்கப் போய்விடுவானா என்று எனக்குத் தெரியவில்லை. போய்விட்டால் அவன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திரு.

இதற்குப் பதில் எழுதாதே. மாடிக்கு வந்து உன்னைக் கேட்கவும் மாட்டேன். நீ பேசாமல் இருந்தால் போகிறாய் என்று எடுத்துக்கொள்வேன். தட்டு சாமி அலமாரியில் அப்படியே இருக்கிறது. வெற்றிலை வாடிவிட்டது, புதிதாக வாங்கி வைத்துக்கொள்.

அம்மா